தொண்ணூற்றேழாம் பக்கம்

இந்தப் பிழை என்னுடையது.

முதலில் தோன்றியது இது ஒன்றுதான். கோபம் பிறகு வந்தது. நடுத்தெருவில் நம் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி எதிரே வந்தால், ‘அட, என் புடவை’ என்றுதானே மனம் முதலில் சொல்லும்? ‘திருடி’ என்ற சொல் அடுத்த மூச்சில்தானே வரும்? அப்படித்தான் இருந்தது. தொண்ணூற்றேழாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஆசிரியர் அறையில் என் மேசைமேல் நான்கு புத்தகங்கள் இருந்தன. நான்குக்கும் அட்டையைக் கிழித்துவிட்டுப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். தலைப்புப் பக்கமும் முன்னுரையும் பிளேடால் அறுத்தெடுக்கப்பட்டிருந்தன. முதுகில் அ, ஆ, இ, ஈ என்று பேனா எழுத்து. பல்கலைக்கழகம் பாடநூல் தேர்ந்தெடுக்கும் முறை இது. எழுதியவர் யாரென்று தெரிந்தால் ஆளைப் பார்ப்பார்கள், நூலைப் பார்க்கமாட்டார்கள் என்று எப்போதோ யாரோ பட்டறிந்து செய்த ஏற்பாடு. அறிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே, ‘இதை எழுதியவர் யாரென்று நான் அறியேன்’ என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். அதற்கும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

வரும் ஆண்டிலிருந்து பதினான்கு கல்லூரிகளிலும் முதுகலைக் கணிதத்தில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் பாடத்துக்கு ஒரே அறிமுக நூல். தேர்ந்தெடுக்க மூன்று பேர். குழுத் தலைவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அதற்குள் எதிலும் சண்டை வரக்கூடாது என்பது அவர் கொள்கை. இரண்டாமவர் புள்ளியியல்காரர், இந்தப் பாடத்தைத் தன் இளமையோடு சேர்த்து மறந்துவிட்டவர். மூன்றாவது நான். பதினாறு ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்திவருகிறவள் மூவரில் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை காலை அறிக்கை கொடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் நடமாடும் இடத்துக்கு மூன்று திசை: நீளம், அகலம், உயரம். இந்தக் கணிதம் பேசுகிற வெளிகளில் திசைகளுக்கு முடிவே கிடையாது. பள்ளி நாளிலிருந்து நாம் சேர்த்துவைத்த பழக்கங்களில் பாதி அங்கேயும் செல்லும். மீதிப் பாதி காலை வாரிவிடும். எது எந்தப் பாதி என்று முதலில் படிக்கிற நூல் சொல்லிவிட வேண்டும். அது சொல்லாமல் விட்டதைப் பிறகு வருகிறவர்கள் சொல்வதற்குள் வயது போய்விடும்.

அதனால் எந்த நூலை எடுத்தாலும் நான் முதல் அத்தியாயத்தைப் படிப்பதில்லை. முதல் அத்தியாயத்தில் எல்லாரும் நல்லவர்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவள் கூடத்தைப் பார்க்காமல் நேரே குழாயைத் திறந்து பார்ப்பதுபோல, நான் ஓர் இடத்துக்குப் போவேன். ஒரு வெளி, அதற்குள் ஒரு மூடிய உள்வெளி, அதாவது தன் ஓரங்களையும் தன்னோடு வைத்திருக்கும் ஒரு பகுதி, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு எல்லாவற்றையும்விட அருகில் இருக்கும் ஒரு புள்ளி உள்வெளிக்குள் உண்டா? உண்டு. ஏன் உண்டு என்பதை நூல் எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பேன். குழாயில் தண்ணீர் வருகிறதா, வெறும் காற்று வருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

‘அ’ செங்கல் கனம். அது தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் நமக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லும். ‘ஈ’ தேர்வுக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழக்குகிற புத்தகம். அதைப் பற்றிப் பேசுவது வீண். ‘ஆ’ மெலிந்தது, வறண்டது. சிரிப்பே அறியாத ஒரு கணக்கு வாத்தியாரின் முகம் அதற்கு. ஆனால் காலை வாரிவிடும் ஒவ்வோர் இடத்திலும் சின்ன எழுத்தில், ‘இங்கே பழைய பழக்கம் உதவாது’ என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தது.

‘இ’யை எடுத்த பத்தாவது நிமிடமே எனக்குப் பிடித்துப்போனது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாற்போன்ற நடை. பயமுறுத்தாத வாக்கியங்கள். யாரிது, இப்படி எழுதுகிறவர் இந்த ஊரில் இருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன். தொண்ணூற்றேழாம் பக்கம் வந்தது. உள்வெளிக்குள் புள்ளிகளின் ஒரு வரிசை, வெளியே இருக்கும் புள்ளியை நெருங்கி நெருங்கி வருகிறது. ‘ஓர் அறைக்குள் முடிவில்லாமல் ஈக்களை விட்டுக்கொண்டே இருந்தால், எங்காவது ஓரிடத்தில் அவை மொய்த்தே தீர வேண்டும். நம் புள்ளிகளும் அப்படியே. அவை மொய்க்கும் இடம்தான் நாம் தேடும் புள்ளி.’

மூன்று திசை உள்ள அறையில் இது சரி. திசைகளுக்கு முடிவில்லாத அறையில் ஈக்கள் ஏன் மொய்க்க வேண்டும்? ஆளுக்கு ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று ஒரே தூரத்தில், ஜென்மத்துக்கும் நெருங்காமல் உட்கார்ந்திருக்கலாம். தேற்றம் உண்மை, நிரூபணம் பொய். ஆள் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், வந்த வழியில் பாலமே இல்லை.

கீழே பயிற்சிக் கணக்குகளைப் பார்த்தேன். எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம் என்ற இடத்திலெல்லாம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று நான் படித்த காலத்தில் ஏறிய பஸ்.

ஆறாவது வரியை மறுபடி படித்தேன்.

“என்னடி, புத்தகத்த இந்த முறை முறைக்கற? அது என்ன உன் மாமியாரா?”

பக்கத்து மேசையிலிருந்த வேதியியல்காரி. அவள் வாய்க்குப் பயந்து அவளை எல்லாரும் ‘அமிலம்’ என்போம். அது அவளுக்கும் தெரியும், பெருமையும் உண்டு.

“ஒண்ணுமில்ல. ஒரு தப்பு.”

“தப்பில்லாத புக் எங்க இருக்கு? எங்க புக்குல போட்டிருக்கற மாதிரி கலந்தா லேப் கூரையே போயிரும். நாங்க என்ன பண்றோம், ‘பசங்களா, அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்போம்.”

“இத எழுதினது நான்.”

அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தாள். “உனக்கென்ன காய்ச்சலா?”

இருக்கலாம். காது மடல் எரிந்தது.

*

இருபத்துமூன்று வயதில் நான் அந்தக் குறிப்புகளை எழுதினேன். பச்சை அட்டை போட்ட மூன்று நீள நோட்டுப் புத்தகங்கள். எங்களுக்கு அன்று வைத்திருந்த பாடநூல் ஒன்று இருந்தது. கடினமான இடம் வந்தால் அது ‘எளிதில் காணலாம்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும். எளிதில் காணலாம்! என்னால் காண முடியாதபோதெல்லாம் குறை என்னுடையது என்று நம்பினேன். அருகிலிருக்கும் புள்ளி பற்றிய தேற்றத்துக்கும் அது அதே இரண்டு சொல்லைத்தான் போட்டிருந்தது. நானே யோசித்தேன். பஸ்ஸில், குளிக்கும்போது, துணி மடிக்கும்போது. ஒருநாள் ஈக்கள் கிடைத்தன. அன்று நான் நடந்த நடையே வேறு.

ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. நேர்முகத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபியுங்கள் என்றார்கள். பிடித்தது இதைத் தவிர வேறென்ன? ஈக்கள் மொய்க்கும் இடம்வரை எழுதி முடித்துத் திரும்பினேன். நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்.

“அறைக்கு எத்தன திசைம்மா?”

“முடிவில்லாத திசை, சார்.”

“அப்போ ஈ ஏன் மொய்க்கணும்?”

சாக்பீஸ் விரலில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. அவர் ஏளனமாகச் சிரிக்கவில்லை, அதுவே மோசம். “எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?” என்று கேட்டார். சொன்னேன். நோயாளி எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்று தெரிந்துகொண்ட டாக்டர்போலத் தலையாட்டினார். இடம் வேறொருவருக்குப் போனது. ஒரே ஓர் இடம்தான்.

வீட்டுக்கு வந்தேன். நோட்டுகள் அப்போது அண்ணனிடம் இருந்தன. அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன், அவனும் கணிதம்தான். விரிவுரையாளர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறைக்காகப் படித்துக்கொண்டிருந்தான். ‘உன் நோட்டப் படிச்சாதான் மண்டைல ஏறுது பாப்பா’ என்று வாங்கிப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, “மூணாவது நோட்டக் குடுண்ணா. அதுல ஒரு நிரூபணம் தப்பு. திருத்தணும்” என்பதுதான். நானே விழுந்து கிடந்தேன். அவனும் அதே பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு.

“கரையான் அரிச்சிருச்சு பாப்பா” என்றான். “மூணையும். ஒரு தாள் மிஞ்சல.”

போன இடத்துக்காக அழுததைவிட அந்த மூன்று நோட்டுகளுக்காக நான் அதிகம் அழுதேன். அண்ணன் தலையைத் தடவிக்கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். நானும் தின்றேன்.

அந்த ஐஸ்கிரீம்தான் இப்போது தொண்டையில் ஏறி வந்தது. மேசைமேல் ‘இ’ திறந்து கிடந்தது. கரையான் அச்சடித்துத் தரும் என்று யாருக்குத் தெரியும்? அவன் அன்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலையே திருத்திக் கொடுத்திருப்பேன். இருபது வருடம் அவன் அந்த நோட்டுகளை எங்கே ஒளித்துவைத்திருந்தான்? நான் அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எந்த அலமாரியைச் சட்டென்று மூடினான்? தேர்வில் தேறி விரிவுரையாளரான பிறகு வகுப்பில் எத்தனை வருடம் அந்த ஈக்களைப் பறக்கவிட்டான்? ஒரு பிள்ளைகூடக் கை தூக்கிக் கேட்கவில்லையா?

நாலரை மணிக்குக் குழுத் தலைவர் போன் செய்தார்.

“அம்மா, நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். ‘இ’ ரொம்ப நல்லா இருக்கு. அந்த ஈ உதாரணம் இருக்கே, அருமை! புள்ளியியல்காரர் சொல்றாரு, எனக்கே புரிஞ்சிருச்சுன்னு. அவருக்கே புரிஞ்சிருச்சுன்னா பாத்துக்குங்களேன்.”

“அந்த இடத்துலதான் சார் ஒரு சந்தேகம்.”

“இருக்கட்டும். நீங்க பாத்துச் சொன்னா சரிதான். ஆனா திங்கக்கிழம முடிச்சிரணும்மா. இழுபறி வேணாம்.”

அருமை என்றாரே, அந்தச் சொல் உள்ளே எங்கோ இனித்தது. அதை மறைத்து என்ன பயன்? இருபத்துமூன்று வயதில் நான் எழுதியதை முதன்முறையாக ஒருவர் அருமை என்கிறார். அதுவும் எது பிழையோ அதை. இனித்ததே என்று என்மேலேயே கோபம் வந்தது. அமிலம் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்பதைக் கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன் போலிருக்கிறது. அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

*

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பல மாதமாக எட்டிப் பார்க்காதவர்கள். அண்ணி கையில் பெரிய பிஸ்கட் டப்பா.

“வாங்க மச்சான்” என்று என் கணவர் கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர் அவர். ஞாயிறன்றுதான் வீட்டில் இருப்பார். “என்ன, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?”

“தங்கச்சிய பாக்க நாள் நட்சத்திரம் பாக்கணுமா மாப்ள?”

அண்ணன் என் மேசையருகே உட்கார்ந்தான். நான்கு பழுப்புப் புத்தகங்களும் பாதி நிரப்பிய படிவமும் மேசைமேல் இருந்தன. நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. அவன் கண் நேரே மூன்றாவது புத்தகத்தின் முதுகுக்குப் போனது. தன் நூலுக்கு எந்த எழுத்து என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“கமிட்டில நீ இருக்கறதா கேள்விப்பட்டேன்” என்றான். “சந்தோஷமா இருந்துச்சு. நம்ம புக்கும் அதுல ஒண்ணு. அடுத்த மாசம் எனக்குப் பேராசிரியர் இன்டர்வியூ. பாடநூலா வெச்சிட்டாங்கன்னா, அது ஒரு பெரிய விஷயம். நான் உன்கிட்ட கேக்க வரல. நீயே செய்வ. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நம்ம புக்கா?”

“பின்ன? நான் எழுதினா அது நம்மளதுதானே.”

“கரையான் எப்போண்ணா நோட்ட வாந்தி எடுத்துச்சு?”

அண்ணியின் கை பிஸ்கட் டப்பாவின் மூடிமேல் நின்றது. என் கணவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை அண்ணனைப் பார்த்தார். “நான் தண்ணி கொதிக்க வெக்கறேன்” என்று சமையலறைக்குப் போனார்.

அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்பு எப்போதும் நன்றாக இருக்கும். அதை வைத்தே வீட்டில் பாதி அடியிலிருந்து தப்பியவன்.

“அட, அத இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க? அப்ப பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருந்துச்சு பாப்பா. குடுத்துட்டா திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோன்னு ஒரு பயம். அந்த நேரத்துக்கு வாய்ல வந்தத சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? வீட்டுக்குள்ள உன் பென்சில் என் பென்சில்னு என்னிக்காவது பிரிச்சிருக்கோமா?”

“பிரிக்கல. எல்லாமே உன்கிட்ட இருந்துச்சு.”

“இந்தப் பேச்சுதான் வேணாங்கறது. நான் இதுல எவ்ளோ வேல பண்ணிருக்கேன் தெரியுமா? கூடக் கொஞ்சம் பயிற்சிக் கணக்கு சேத்தேன், படம் போட்டேன், கடைசி மூணு அத்தியாயம் முழுக்க என்னோடது.”

அது உண்மைதான். கடைசி மூன்று அத்தியாயங்களைப் படிக்கும்போதே நடை மாறுவது தெரிந்தது, கொட்டாவி வந்தது. அதை நான் சொல்லவில்லை. அவ்வளவு கோபத்திலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் தள்ளினேன்.

“படிண்ணா.”

“எனக்குத் தெரியாததா?”

“படி.”

படித்தான். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. ஈக்களைத் தாண்டிக் கடைசிவரை போனது. நிமிர்ந்தான். “சரியாத்தானே இருக்கு?”

புத்தகத்தை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினேன். மறுபடி குனிந்தான். சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம். வெளியே தெருவில் யாரோ ஒரு குழந்தைக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ‘நேரா பாரு, நேரா பாரு’ என்ற குரல் போய்ப்போய்த் திரும்பி வந்தது. அண்ணனின் விரல் ஆறாவது வரியில் நின்றது. நின்றே இருந்தது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறுவதைப் பார்த்தேன். சிறுவயதில் பொய் அகப்படும்போதும் அவனுக்குக் கழுத்துதான் முதலில் சிவக்கும்.

“அய்யோ” என்றான், மெதுவாக.

“இதத் திருத்தத்தான் அன்னிக்கு நோட்டக் கேட்டேன். இந்த வரியாலதான் எனக்கு அந்த இடம் போச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல?”

இந்தக் கேள்வியை அவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. “சொன்னேனே. கரையான்கிட்ட.”

அதுவரை பேசாமலிருந்த அண்ணி வாயைத் திறந்தாள். “நான்தான் டைப் அடிச்சேன்” என்றாள். “மூணு மாசம். முதல் பக்கத்துலயே தெரிஞ்சுது இது உன் கையெழுத்துன்னு. என் கல்யாணத்தன்னிக்கு நீ எழுதிக் குடுத்த வாழ்த்து இன்னும் என் பீரோல இருக்கும்மா. அதே சுழிச்ச எழுத்து.”

“உன்ன யாரு இப்ப கேட்டா?” என்றான் அண்ணன்.

“யாரும் கேக்கல. அதான் இவ்ளோ நாளா சொல்லல.” அண்ணி என்னைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “தப்புன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. கணக்கு எனக்கு எங்க வரும்? ஆனா அந்த ஈ வந்த பக்கத்த அடிக்கும்போது, எழுதினவ சிரிச்சிட்டே எழுதியிருக்கான்னு தோணுச்சு.”

அதற்குமேல் அவளிடம் என்ன கோபப்படுவது? அவளை நினைத்து வைத்திருந்த கோபத்தையும் சேர்த்து அண்ணன் கணக்கில் எழுதினேன்.

கணவர் தேநீர்த் தட்டோடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தட்டை ஓசைப்படாமல் வைத்தார். “எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பிரச்சினை ஈயாலதான்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

அண்ணன் தேநீரைத் தொடவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டான். குரலில் சிரிப்பு போய், தேர்வுக்கு முதல்நாள் குரல் வந்திருந்தது.

“இங்க பாரு பாப்பா. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. உன்னத் தவிர இத யாரும் கண்டுபிடிக்கல. நீ சரியான நிரூபணத்த ஒரு தாள்ல எழுதிக் குடு. பாடநூலா வந்ததும் அடுத்த அச்சுல மாத்திடறேன். அதுவரைக்கும் ஒரு திருத்தத் தாள் அடிச்சு உள்ள வெச்சிடலாம். முன்னுரைல உன் பேரு போடறேன். தனிப் பத்தியா போடறேன், போதுமா? படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுரு.”

“எழுதினவர் யாருன்னு தெரியாதுன்னு போடணும்ணா அதுல.”

“ஒரு வரிதானே. யாரு தேடப்போறா? உனக்கும் எனக்கும் இனிஷியல்கூட ஒண்ணு இல்ல.”

ஒரு வரிதானே. அன்று வாயில் வந்தது என்று அவன் சொன்னதும் ஒரு வரிதான். ஆறாவது வரியும் ஒரு வரிதான்.

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நிரூபணத்தைச் சரிசெய்துவிட்டால் நான்கு நூல்களில் ‘இ’க்கு நிகரில்லை. பதினான்கு கல்லூரிகளில், எளிதில் காணலாம் என்ற சொல்லுக்குப் பயந்து நடுங்குகிற பிள்ளைகள் என் வாக்கியங்களைப் படிப்பார்கள். பச்சை நோட்டில் சிரித்துக்கொண்டே எழுதிய அந்தப் பெண் கடைசியில் வகுப்பறைக்குள் போய்விடுவாள். பெயர் எதற்கு? பெயர் இல்லாமலே போகட்டுமே. வெள்ளிக்கிழமையிலிருந்து இதை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று அண்ணனுக்குத் தெரியாது. அவன் வந்து கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நானே விழுந்திருப்பேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் யாரை நம்பி அதைப் படிப்பார்கள்? அவர்களில் ஒருத்தி கரும்பலகை முன் நிற்கும்போது, எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று ஒருவர் கேட்பார். திருத்தத் தாள் எப்போதோ நழுவி விழுந்திருக்கும். அடுத்த அச்சு வந்திருக்காது. பிழையை அறியாதவன் எழுதிய நூலில் அந்த ஒரு பிழைதான் இருக்கிறது என்று யார் சொன்னது? தான் நடத்தும் பாடத்தில் பாலம் இல்லாத இடத்தை, இருபது வருடத்தில், விரல் வைத்துக் காட்டும்வரை பார்க்காதவன் அவன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் வைத்தான். ஒரு வெள்ளைத் தாளையும் நகர்த்தினான்.

“எழுது பாப்பா. உனக்கு ரெண்டு நிமிஷ வேல.”

சரியான நிரூபணம் எனக்குத் தெரியும். ஓர் இணைகரத்தின் பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் பற்றிய ஒரு சமன்பாடு. அதை வைத்தால் புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கித்தான் ஆகவேண்டும். எந்த ஈயையும் நம்ப வேண்டியதில்லை. இரண்டே வரி. கை அரித்தது. தப்பான நிரூபணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது என் தொழிலில் இல்லை. பேனா முனை தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

தாளை விட்டுவிட்டுப் படிவத்தை இழுத்தேன். ‘ஆ’வுக்கு எதிரே, ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதினேன். சிரிக்கத் தெரியாத அந்த வாத்தியாரை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதினேன். ‘இ’க்கு எதிரே, ‘பக்கம் 97, வரி 6, நிரூபணம் தவறு’ என்று எழுதினேன். அதன் கீழே அச்சிட்டிருந்த வரியில் ‘அறியேன்’ என்பதை அடித்துவிட்டு, ‘அறிவேன்’ என்று எழுதினேன். அண்ணன் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தான்.

“என்ன பண்ற நீ?”

பள்ளி நாள்களில் அவன் பரீட்சைக்குக் கிளம்பும்போதெல்லாம் பேனாவில் மை நிரப்பி, மூடியை இறுக்கி, அவன் சட்டைப் பையில் செருகிவிடுவது என் வேலை. நாற்பத்தாறு வயதில் அந்தச் சட்டைப் பை கொஞ்சம் உயரம் குறைந்து தெரிந்தது. பேனாவை மூடினேன். பையில் செருகினேன். வெள்ளைத் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

“ரெண்டு வரியாவது எழுதிக் குடு” என்றான். குரல் உடைந்திருந்தது. “எனக்காக.”

“மாட்டேன்ணா” என்றேன். “டீ ஆறுது, குடி.”